மழை அறிவிப்பாளரின் டை

ஒரு காட்டில், அதாவது மூன்று மலையும் இரண்டு ஓடையும் ஒரே ஒரு அலுவலகமும் இருந்த காட்டில், சேறுடையார் என்றொரு தவளை மழை அறிவிப்பாளராக வேலை பார்த்துவந்தார்.

வேலை பெரிய வேலை இல்லை. மழைக்கு முன்னால் அவர் தோலில் ஓர் அரிப்பு கிளம்பும். அது முதுகின் நடுவில் தொடங்கி இடது தொடைக்கு இறங்கிவிட்டால் அரை நாழிகைக்குள் மழை நிச்சயம். உடனே அவர் தொண்டையைப் பலூன் மாதிரி ஊதிக்கொண்டு ஏழு முறை கத்துவார். அதைக் கேட்டதும் முயல்கள் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடும். மான்கள் பாறைக்கு அடியில் ஒதுங்கும். காட்டுக்கோழிகள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டே புதருக்குள் நுழையும்.

பன்னிரண்டு மழைக்காலத்தில் அவர் அறிவித்தது நானூறு தடவை. தவறியது இருபத்தெட்டு. நூற்றுக்கு ஏழு. அந்த இருபத்தெட்டில் மூன்று வெறும் கொசுக்கடி. மற்ற இருபத்தைந்துக்கும் அவரிடம் காரணம் இருந்தது. ஆனால் யாரும் கேட்டதில்லை. தானாக வாய் திறந்து சொல்லும் சுபாவமும் அவருக்கு இல்லை.

வேலைக்குச் சம்பளம் கிடையாது. ஒரு கல் மட்டும் உண்டு. குளத்தின் நட்டநடுவில் இருக்கும் தட்டைக்கல் அது. சுற்றிலும் ஆறு முழம் ஆழம். மேலே சேறுடையாரும் அவர் மனைவி அல்லியம்மாளும் இருந்தார்கள். கல்லை ஒட்டிய பாசியில் அவர்களுடைய தலைப்பிரட்டைகள் முப்பத்துநான்கும் இருந்தன. கரையில் ஒற்றைக்காலர் என்ற நாரை நாள் முழுக்க நின்று அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருப்பார். அவ்வளவு ஆழத்தில் அவர் கால் எட்டாது. யார் அறிவிப்பாளரோ அவருக்குத்தான் கல் என்பதால், இறக்கை இருந்தும் அவரால் அதில் போய் இறங்கவும் முடியாது. காட்டுச் சட்டம் அப்படி.

இப்படி எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு பெட்டி வந்து சேர்ந்தது.

மலை அடிவாரத்தில் தங்கிவிட்டுப் போன யாரோ மறந்துவிட்ட பெட்டி. புலிராஜா அதைக் கவ்வி இழுத்து வந்து திறந்தார். உள்ளே பதினொரு டை, நான்கு ஸ்கார்ஃப், ஒரு சீப்பு, ஒரு சிறு புத்தகம். சீப்பைக் கரடி எடுத்துக்கொண்டது. புத்தகத்தில் எட்டுப் படங்கள் இருந்தன. ஓர் ஆள் டை கட்டுகிற படங்கள்.

ராஜா அந்தப் படங்களை மூன்று தடவை பார்த்தார். முதல் படத்தில் அந்த ஆள் சாதாரண ஆளாக இருந்தான். எட்டாவது படத்தில் அதிகாரியாக இருந்தான். நடுவில் நடந்தது ஒரு முடிச்சு மட்டுமே.

"இத்தனை நாளா நம்ம காட்ல என்ன குறைன்னு இப்பத்தான் புரியுது" என்றார் ராஜா.

மறுநாளே உத்தரவு வந்தது. காட்டில் பதவி வகிக்கும் எல்லோரும் டை கட்ட வேண்டும். கட்டத் தெரியாதவர் பதவியை விட வேண்டும். பெரிய பிராணிகளுக்கு ஒரு முழு டை. சிறிய பிராணிகளுக்கு ஒரு டையை ஆறாக வெட்டி ஆளுக்கு ஒரு துண்டு. பெண் அதிகாரிகளுக்கு ஸ்கார்ஃப்.

காடு பட்ட பாடு கொஞ்சமில்லை. முள்ளம்பன்றி அம்மாள் போட்ட ஸ்கார்ஃபில் முதல் நாளே அறுபத்துமூன்று ஓட்டை. யானையம்மாவுக்கு ஸ்கார்ஃப் கழுத்தைச் சுற்ற வரவில்லை. வாலில் கட்டிக்கொண்டு, அலுவலகத்துக்குள் பின்பக்கமாக நுழையப் பழகினாள். சாரைப்பாம்பு, "கழுத்து எது, உடம்பு எதுன்னு நீங்களே கோடு போட்டுக் குடுங்க" என்று எழுதிக் கேட்டது. அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

பழைய பதவிக்கே மறுபடி விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் சேறுடையார் படிவம் கொடுக்க வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் பத்தொன்பது பேர். கடைசியில் ஜன்னலுக்கு வந்தபோது, குமாஸ்தா கிளையம்மாள் என்ற மந்தி, வாலால் பேனாவைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தாள்.

"பெரியவரே, நாலாவது கட்டம் காலியா இருக்கே. கழுத்தின் நீளம் போடலையே?"

"எனக்குக் கழுத்து இல்லைம்மா."

"எல்லாருக்கும் இருக்கும், பாருங்க."

சேறுடையார் குனிந்து பார்க்க முயன்றார். தவளையால் அது முடியாது. குனிந்தால் மொத்தமாகத்தான் குனிய வேண்டும். குனிந்து, நிமிர்ந்து, "இல்லைன்னு எழுதிரட்டுமா?" என்றார்.

"இல்லைன்னு எழுதினா தள்ளுபடி ஆயிரும். பூச்சியம்னு எழுதுங்க. பூச்சியம் ஒரு அளவு. அளவு இருந்தா வாங்கிக்குவோம்."

அவர் பூச்சியம் என்று எழுதினார். வட்டமாக, அழகாக எழுதினார்.

"அம்மா, இந்த வேலைக்கு நான் ஒருத்தன்தானே?"

"ரெண்டு பேர்" என்ற கிளையம்மாள் கண்ணால் பின்னால் காட்டினாள். வரிசையில் அவருக்கு அடுத்தபடி, ஒற்றைக் காலில், ஒற்றைக்காலர் நின்றுகொண்டிருந்தார். அவருடைய படிவத்தில் கழுத்தின் நீளம் கட்டத்துக்குள் அடங்காமல் அடுத்த கட்டத்துக்கும் போயிருந்தது.

"என்ன ஐயா, சௌக்கியமா?" என்றார் நாரை. "கழுத்தே இல்லாதவங்க எல்லாம் டை கட்டக் கிளம்பிட்டீங்க. நாடு முன்னேறுது. வீட்ல பிள்ளைங்க எல்லாம் நல்லா இருக்காங்களா? முப்பத்துநாலா, முப்பத்தஞ்சா?"

"முப்பத்துநாலு" என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்று சேறுடையார் வழி முழுக்க வருந்தினார்.

கிளையம்மாள் ஜன்னலை மூடும் முன் ஒரு விதியை இருவருக்கும் வாசித்துக் காட்டினாள்: "தேர்வுக் குழுவின் முன்னால் எட்டுப் படியிலும் முடிச்சுப் போட வேண்டும். குழு எழுந்திருக்கும்வரை முடிச்சு அவிழக் கூடாது. அவிழ்த்தவர், தளர்த்தியவர், தகுதி இழப்பார்."

பத்து நாள் அவகாசம். சேறுடையார் தன் துண்டு டையோடு கல்லில் உட்கார்ந்தார். படங்களைப் பார்த்து வந்து மனப்பாடம் செய்திருந்தார். ஒன்று, அகல முனை வலப்பக்கம் நீளமாக இருக்கும்படி கழுத்தில் போடு. இரண்டு, அகல முனையைக் குறுகல் முனையின் மேலே கொண்டுபோ. மூன்று, அடியில் சுற்று. நான்கு, மறுபடி மேலே. ஐந்து, தாடைக்குக் கீழிருந்து மேலே இழு. ஆறு, முன்னால் உள்ள வளையத்துக்குள் விடு. ஏழு, இறுக்கு. எட்டு, சிரி. எட்டாவது படத்தில் அந்த ஆள் சிரித்துக்கொண்டிருந்ததால் அதுவும் ஒரு படியாகச் சட்டமாகிவிட்டது.

தவளைக்குக் கண்ணாடி ஏது? குளம்தான் கண்ணாடி. கல்லின் ஓரத்தில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துப் பார்த்துக் கட்டினார். ஆறு நாள் கட்டினார். நாளொன்றுக்கு நாற்பது முடிச்சு. ஏழாம் நாள் காலையில், தண்ணீரில் தெரிந்த தவளைக்கு டை கச்சிதமாகக் கீழ்நோக்கித் தொங்கியது. அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"அல்லி, இங்க வந்து பாரு."

அல்லியம்மாள் வந்தாள். பார்த்தாள். முதலில் இடது காலால் வாயைப் பொத்தினாள். பிறகு இரண்டு காலாலும் பொத்தினாள். பிறகு பொத்த முடியாமல் தண்ணீருக்குள் விழுந்து, சிரித்து முடித்துவிட்டு மேலே வந்தாள்.

"ஏங்க, டை மூஞ்சிய மூடிக்கிட்டுத் தலைக்கு மேல போய் முதுகுல தொங்குது. ஏதோ பல்லிவால் முளைச்ச மாதிரி இருக்கு."

"தண்ணியில சரியாத்தானே தெரியுது!"

"தண்ணியில நீங்களே தலைகீழாத்தான் தெரியறீங்க. தலைகீழா இருக்கறவருக்குக் கீழ தொங்கினா, நேரா இருக்கறவருக்கு எங்க தொங்கும்?"

சேறுடையார் கணக்குப் போட்டுப் பார்த்தார். இருநூற்று நாற்பது முடிச்சும் வீண். அவர் முகம் போன போக்கைப் பார்த்து அல்லியம்மாள் சிரிப்பை நிறுத்தினாள்.

"சரி, தண்ணிய விடுங்க. என்னைப் பாத்துக் கட்டுங்க. தப்புன்னா நான் சிரிக்கிறேன். சரியா வந்தா சிரிக்க மாட்டேன்."

அன்று அவள் முப்பத்தொரு தடவை சிரித்தாள். மறுநாள் பன்னிரண்டு. அதற்கடுத்த நாள் நான்கு. முடிச்சு விழுந்துவிட்டது. ஆனால் நிற்கவில்லை. கழுத்து இருந்தால்தானே நிற்கும்? ஏழாம் படி முடிந்ததும் டை தலை வழியாக வழுக்கிக் கழன்று தண்ணீரில் விழும். முப்பத்துநான்கு தலைப்பிரட்டைகளும் அதைச் சுற்றி வந்து கொறித்துப் பார்க்கும்.

பத்தாம் நாள்தான் வழி தெரிந்தது. தொண்டையில் பாதிக் காற்று பிடித்து வைத்திருந்தால் டை அப்படியே நிற்கிறது. காற்று குறைந்தால் வழுக்குகிறது. கூடினால் முடிச்சுத் தெறிக்கிறது. பாதிக் காற்று, அவ்வளவுதான்.

"அப்ப எப்படிங்க பேசுவீங்க?" என்றாள் அல்லியம்மாள்.

சேறுடையார் பாதிக் காற்றோடு அவளைப் பார்த்தார். பேச முடியாது என்பதைப் பேசாமலே சொல்லிவிட்டார்.

"மழை வந்தா எப்படிக் கத்துவீங்க?"

அதற்கும் அதே பார்வைதான்.

அல்லியம்மாள் கரைப் பக்கம் திரும்பினாள். நாரை ஒற்றைக் காலில் நின்று, அலகாலும் மிச்சக் காலாலும் டை கட்டிப் பழகிக்கொண்டிருந்தது. முதல் தடவையே அழகாக விழுந்தது. "பேசாட்டிப் போகுது" என்றாள் அவள். "போய்ட்டு வாங்க."

அலுவலகம் ஓடைக்கரையில் ஒரு குகை. குழுவில் மூன்று பேர். தலைவர் தேனப்பர் என்ற கரடி, தலையைச் சீவி வகிடு எடுத்து உட்கார்ந்திருந்தார். இரண்டாமவர் தேவாங்கு; தூங்கிக்கொண்டிருந்தது. மூன்றாமவர் காட்டெருமை, வரவில்லை. கிளையம்மாள் மதிப்பெண் எழுதினாள். ஏழு படிக்கு எழுபது, சிரிப்புக்குப் பத்து, கேள்விக்கு இருபது.

முதலில் நாரை கட்டினார். எழுபதுக்கு எழுபது. கழுத்தின் நடுவில் முடிச்சு வைத்த மாதிரி உட்கார்ந்தது. எட்டாவது படியில்தான் இடறினார். அலகு சிரிக்காது. இப்படித் திறந்து பார்த்தார், அப்படித் திறந்து பார்த்தார். தேவாங்கு விழித்துப் பயந்துபோய் மறுபடி தூங்கியது. சிரிப்புக்குப் பூச்சியம்.

சேறுடையார் கட்டினார். ஐந்தாம் படியில் ஒரு தடுமாற்றம். ஐம்பத்தெட்டு. பாதிக் காற்றைப் பிடித்தார், டை நின்றது. சிரிப்புக்கு அவர் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. தவளை வாய் பிறவியிலேயே எட்டாவது படிதான். பத்துக்குப் பத்து.

"கேள்வி" என்றார் தேனப்பர். "நாரையாரே, மழை எப்ப வரும்?"

"ராஜா எப்ப உத்தரவு போடறாரோ அப்ப வரும்ங்க."

தேனப்பர் நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். இருபதுக்கு இருபது.

"சேறுடையாரே, மழை எப்ப வரும்?"

அந்த நேரம் பார்த்துத்தான் அரிப்பு ஆரம்பித்தது. முதுகின் நடுவில் கிளம்பி, இடுப்பைத் தாண்டி, இடது தொடைக்கு இறங்கியது. கொசு இல்லை. பன்னிரண்டு மழைக்காலத்தில் இப்படி ஓர் அரிப்பை அவர் பார்த்ததில்லை. பெருமழை. கீழே பள்ளத்தில் பதினேழு முயல் வளைகள் இருந்தன. ஏழு முறை கத்தினால் போதும். கத்தினால் டை தெறிக்கும். டை தெறித்தால் கல் போகும். கல் போனால் முப்பத்துநான்கு.

அவர் பதினேழை நினைத்தார். முப்பத்துநான்கை நினைத்தார். அது சரியாக இரண்டு மடங்கு. அவர் பாதிக் காற்றோடு சும்மா இருந்தார்.

"பாரும்மா, என்ன அடக்கம்!" என்றார் தேனப்பர். "தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேங்கறார். பதினெட்டு போடு."

கிளையம்மாள் கூட்டினாள். நாரை தொண்ணூறு. தவளை எண்பத்தாறு.

வெளியே இடி இடித்தது. குடத்தைக் கவிழ்த்த மாதிரி மழை கொட்டத் தொடங்கியது. சற்று நேரத்தில் முயல்கள் சொட்டச் சொட்ட நனைந்து, குட்டிகளைத் தலையில் தூக்கிக்கொண்டு குகை வாசலுக்கு வந்து கத்தின. "ஐயா, இப்படி மழை கொட்டுது, யாருமே சொல்லலையே!"

"அறிவிப்பு வரலையே" என்றார் தேனப்பர். ஓடைத் தண்ணீர் உள்ளே வந்து அவர் முழங்காலைத் தொட்டிருந்தது. "அறிவிப்பு வராததால இது மழை கிடையாது. நீங்க எங்கேயோ குளிச்சிட்டு வந்திருக்கீங்க. அம்மா, நாரையார் தேர்வுன்னு எழுது."

கிளையம்மாள் வாலில் இருந்த பேனாவை மையில் தோய்த்தாள். சேறுடையாருக்கு எல்லாம் இருண்டது. கல்லும் போயிற்று, கத்தலும் போயிற்று. முயல் குட்டி ஒன்று தும்மியது. இனி யாருக்காக இந்தப் பாதிக் காற்று? இப்போதாவது கத்திவிடுவோம், மேட்டுக்குப் போகச் சொல்வோம் என்று அவர் முடிவு செய்தார். அவர் செய்த முடிவுகளிலேயே நல்ல முடிவு அதுதான். தொண்டைக்குள் முக்கால் காற்று ஏறியது. முடிச்சு விண்ணென்று இழுத்தது.

அப்போது வெள்ளத்தோடு ஒரு கெண்டை மீன் குகைக்குள் நீந்தி வந்தது. நல்ல கொழுத்த மீன். தேர்வான மகிழ்ச்சியில் இருந்த நாரையின் காலடியில் வந்து, ஒரு முறை மின்னியது.

நாரை என்ன செய்யும்? யோசிப்பதற்குள் கழுத்து குனிந்து நிமிர்ந்துவிட்டது. மீன் அலகில் ஏறி, தொண்டையில் இறங்கி, முடிச்சு வரை வந்து நின்றது.

"நாரையாரே, டைக்கு மேல என்ன வீக்கம்?" என்றார் தேனப்பர்.

நாரையால் பதில் சொல்ல முடியவில்லை. மீன் கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை. கண்கள் பிதுங்கின. ஒரு சுற்று சுற்றினார். இரண்டு சுற்று சுற்றினார். வாழ்நாளில் முதல் முறையாக இரண்டு காலிலும் நின்றார். மூன்றாவது சுற்றில் காலைத் தூக்கி முடிச்சில் வைத்து இழுத்தார். மீன் வழுக்கென்று இறங்கியது. டை தண்ணீரில் மிதந்து போனது.

"தளர்த்தியவர் தகுதி இழப்பார்" என்று வாசித்துவிட்டு, கிளையம்மாள் பேனாவை அடுத்த பெயருக்கு நகர்த்தினாள்.

எல்லோரும் சேறுடையாரைத் திரும்பிப் பார்த்தார்கள். முக்கால் காற்றோடு, வாய் திறக்கும் தறுவாயில் அவர் இருந்தார். முயல்களும் பார்த்தன. அவர் அந்தக் காற்றை மெல்ல, சத்தமில்லாமல், விழுங்கினார். சரியாகப் பாதி வந்ததும் நிறுத்திக்கொண்டார்.

"இவ்வளவு வெள்ளத்துலயும் முடிச்சு ஒரு நூல் நகரலை" என்றார் தேனப்பர். "இதுதான் பொறுப்பு." குழு எழுந்தது. தேவாங்கைத் தூக்கிக்கொண்டு எழுந்தது.

சேறுடையார் நிரந்தரமானார். கல் அவருக்கே. நாரை பழையபடி கரைக்குப் போய், வெறுங்கழுத்தோடு, பழைய காலில் நின்றது.

பணியில் இருக்கும்போது டை அவிழக் கூடாது. மழை அறிவிப்பாளருக்கு எப்போதும் பணிதான். ஆகவே கத்த வேண்டுமானால் முடிச்சு அவிழ்ப்பு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அதில் மூன்று கையெழுத்து. காட்டெருமையைத் தேடிப் பிடிக்கவே ஒரு நாள் ஆகும். தேவாங்கை எழுப்ப இன்னொரு நாள். அரிப்பு வந்த அன்றே சேறுடையார் விண்ணப்பம் கொடுத்துவிடுவார். அதில் அவர் ஒருநாளும் பிந்தியதில்லை. மூன்றாம் நாள் அனுமதி வரும். டையை அவிழ்த்து, ஒழுங்காக மடித்து வைத்துவிட்டு, கல்லின் மேல் ஏறி, ஏழு முறை கத்துவார்: முந்தாநாள் மழை பெய்தது.

அந்த மழைக்காலத்தில் முப்பத்தொரு அறிவிப்பு. முப்பத்தொன்றும் சரி. தவறு பூச்சியம். காட்டின் சரித்திரத்தில் இப்படி நடந்ததில்லை என்று புலிராஜாவே வந்து பாராட்டி, மிச்சமிருந்த கடைசி ஸ்கார்ஃபை டைக்கு மேல் சுற்றிவிட்டுப் போனார். இப்போது ஸ்கார்ஃபுக்குத் தனி விண்ணப்பம் என்பதால் ஐந்து நாள் ஆகிறது.

தலைப்பிரட்டைகள் முப்பத்துநான்கும் கால் முளைத்துக் கல்லில் ஏறிவிட்டன. ஒன்றுகூடக் குறையவில்லை. அல்லியம்மாள் முன்னால் உட்கார்ந்து வரிசையாக முடிச்சுப் போடப் பழகுகின்றன. அவள் மட்டும் அவ்வப்போது கேட்பாள்: "ஏங்க, இடது தொடையைச் சொறியறீங்களே, மழையா?" அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். அவள் பிள்ளைகளைக் கூட்டி உள்ளே அனுப்புவாள்.

ஒருநாள் ஒரு கிழட்டு முயல் கரைக்கு வந்து கேட்டது: "ஐயா, குட்டிங்களை வெயில்ல காயப் போடணும். இன்னிக்கு மழை வருமா?"

சேறுடையாரின் இடது தொடை தீயாய் எரிந்துகொண்டிருந்தது. அவர் எட்டாவது படியைச் செய்தார்.

"சிரிக்கறாரு. வராதுன்னு அர்த்தம்" என்று முயல் திருப்தியாகத் திரும்பிப் போனது. அரை நாழிகையில் முயலும் குட்டிகளும் தெப்பமாக நனைந்தன. ஐந்து நாள் கழித்து, தும்மிக்கொண்டே வளையில் கிடந்தபோது குளத்திலிருந்து ஏழு முறை சத்தம் வந்தது. முயல் காதைத் தூக்கிக் கேட்டது. விரல் விட்டு நாளை எண்ணிப் பார்த்தது. பிறகு குட்டிகளிடம் சொன்னது:

"கேட்டீங்களா? அன்னிக்கு மழை பெஞ்சதாம். நாள்கூடப் பிசகலை. என்ன மூளைடா அந்த மனுஷனுக்கு!"

நீதி: நனைவதற்கு முன்னால் சொல்கிறவன் நூற்றுக்கு ஏழு தடவை தவறுவான், நனைந்த பின்னால் சொல்கிறவன் ஒருபோதும் தவறமாட்டான். ஆகவே முடிச்சை இறுக்கிக் கட்டுங்கள், பாதிக் காற்றோடு இருங்கள், யாராவது ஏதாவது கேட்டால் சிரியுங்கள்.